கதிர்வீச்சுக்கு முன் போடப்படும் கோடுகள்: கணினி அதில் என்ன செய்கிறது?

"ஸ்கேன் எடுத்து ஒரு வாரம் ஆகப்போகுது, இன்னும் ஏன் கரண்டு வைக்க ஆரம்பிக்கல?" புற்றுநோய்ப் பிரிவின் வராந்தாவில் காத்திருக்கும் குடும்பங்களிடம் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கலாம். பதில் சொல்ல யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அதனால் மனசுக்குள் பயம் வளர்கிறது.

முதலில் அந்த "கரண்டு" என்ற சொல்லைச் சரிசெய்துவிடலாம். கதிர்வீச்சு சிகிச்சையில் உடம்புக்குள் மின்சாரம் பாய்ச்சுவதில்லை. பெரும்பாலும் செலுத்துவது எக்ஸ்ரேதான். கை உடைந்தால் படம் எடுக்கிறார்களே அதே வகைக் கதிர், ஆனால் பல மடங்கு ஆற்றல் கூடியது.

அந்த ஒரு வார இடைவெளியில் பல வேலைகள் நடக்கின்றன. அவற்றில் பொறுமை மிக அதிகம் தேவைப்படுவது, ஸ்கேன் படங்களின்மேல் கோடு போடும் வேலை. கட்டி எங்கே இருக்கிறது என்று ஒரு கோடு. அதைச் சுற்றியுள்ள நல்ல உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. இந்த இரண்டாவது வகைக் கோடுகளை இப்போது பல மருத்துவமனைகளில் கணினி முதலில் வரைந்து தருகிறது. இந்தச் செய்திதான் வாய் மாறி வாய் மாறி, "ஏஐ கேன்சரைக் கண்டுபிடிச்சு, அதுவே கதிர் வைக்குதாம்" என்று ஆகிவிடுகிறது. அப்படி எதுவும் நடப்பதில்லை. என்ன நடக்கிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

கதிர் போகும் வழியில் இருப்பவை

வாய்க்காலின் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் விட்டால், வழியில் இருக்கும் மண்ணும் நனையத்தான் செய்யும். எக்ஸ்ரேயும் அப்படித்தான். தோல் வழியாக நுழைந்து, வழியில் உள்ள எல்லாவற்றையும் தொட்டு, கட்டியைக் கடந்து மறுபக்கம் வெளியேறும். கட்டியில் மட்டும் போய் நின்றுகொள்ளாது.

அதனால்தான் ஒரே பக்கத்திலிருந்து செலுத்தாமல், பல கோணங்களிலிருந்து செலுத்துகிறார்கள். லினாக் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் லீனியர் ஆக்சிலரேட்டர் நோயாளியைச் சுற்றிச் சுழல்கிறது. ஒவ்வொரு கோணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதிர். எல்லாக் கோணங்களும் சந்திக்கும் இடத்தில் கட்டி. அங்கே மட்டும் எல்லாம் சேர்ந்து பெரிய அளவாகிறது.

இந்த அளவுக்குப் பெயர் டோஸ். அதை அளக்கும் அலகு கிரே. ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை உள்வாங்கினால் அது ஒரு கிரே. தொண்டைப் பகுதிப் புற்றுநோய்க்கு வழக்கமான ஒரு முறை மொத்தம் 70 கிரே. அதை ஒரே நாளில் கொடுப்பதில்லை. நாளுக்கு 2 கிரே, வாரத்துக்கு 5 நாள், 7 வாரம். இடைப்பட்ட நேரத்தில் நல்ல செல்கள் தங்களைப் பழுதுபார்த்துக்கொள்கின்றன. புற்றுச் செல்களுக்கு அந்தத் திறமை பொதுவாகக் குறைவு.

ஆனாலும் ஒவ்வொரு நல்ல உறுப்புக்கும் தாங்கும் எல்லை ஒன்று உண்டு. தண்டுவடத்துக்கு 45 முதல் 50 கிரேக்குள் நிறுத்தப் பார்ப்பார்கள். அதற்கு மேலே போகப்போக கை கால் செயலிழக்கும் ஆபத்து கூடும். இன்னொன்று பரோட்டிட் சுரப்பி. காதுக்குக் கீழே, கன்னத்தின் பின்பக்கம் இருக்கும் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பி அது. பொன்னுக்கு வீங்கி வந்தால் வீங்குமே, அதேதான். அதற்குச் சராசரியாக 25, 26 கிரேக்கு மேல் போனால் உமிழ்நீர் வற்றிப்போகலாம், பிறகு சரியாகத் திரும்பாமலும் போகலாம்.

வாய் வறட்சிதானே என்று தோன்றலாம். உமிழ்நீர் இல்லாதவருக்கு இட்லியைக்கூடத் தண்ணீர் விட்டுத்தான் விழுங்க முடியும். ராத்திரி தூக்கத்தில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பற்கள் வேகமாகச் சொத்தையாகும். நாலு வார்த்தை பேசுவதற்குள் ஒரு வாய் தண்ணீர் வேண்டும். புற்றுநோய் போன பிறகும் பல வருஷம் கூட வரும் துன்பம் இது. அதனால்தான் நல்ல உறுப்புகளின் கோடு எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படுகிறது.

பிரிட்டனில் நடந்து 2011இல் வெளிவந்த பார்ஸ்போர்ட் என்ற ஆய்வு இதை நேரடியாகவே சோதித்தது. பழைய முறையில் கதிர் வாங்கியவர்களில் ஒரு வருஷம் கழித்து 74 சதவீதம் பேருக்கு உணவுப் பழக்கத்தையே மாற்றும் அளவுக்கு வாய் வறட்சி இருந்தது. பரோட்டிட்டைத் தவிர்க்கும்படி திட்டமிட்டுக் கதிர் கொடுத்தவர்களில் அது 38 சதவீதம். கிட்டத்தட்ட பாதி.

திட்டம் போடும் கணினிக்கு உடம்பு தெரியாது

பரோட்டிட்டைத் தவிர்ப்பது எப்படி? லினாக்கின் வாய்ப்பகுதியில் மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாக இருக்கும். அவை உள்ளே வெளியே நகர்ந்து கதிரின் வடிவத்தை நொடிக்கு நொடி மாற்றும். எந்தக் கோணத்தில், எந்தத் தகடு, எவ்வளவு நேரம் என்ற கணக்கை மனிதர்கள் கையால் போட முடியாது. அதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. மருத்துவ இயற்பியலாளர் அதனிடம், "இந்தக் கோட்டுக்குள் 70 கிரே வேண்டும், அந்தக் கோட்டுக்குள் சராசரி 26ஐத் தாண்டக் கூடாது" என்று நிபந்தனைகள் கொடுப்பார். அது ஆயிரக்கணக்கான சேர்க்கைகளைப் போட்டுப் பார்த்து, நிபந்தனைகளுக்கு மிக நெருக்கமான ஒன்றைத் தரும்.

இங்கேதான் முக்கியமான விஷயம். அந்த மென்பொருளுக்கு உமிழ்நீர்ச் சுரப்பி என்றால் என்னவென்று தெரியாது. கோடு மட்டும்தான் தெரியும். கோடு போடாத உறுப்பு அதைப் பொறுத்தவரை உடம்பில் இல்லவே இல்லை.

காருக்கு ஸ்பிரே பெயிண்ட் அடிப்பவர் முதலில் கண்ணாடிமேலும் விளக்குகள்மேலும் பேப்பர் ஒட்டுவார். ஒட்ட மறந்த இடத்தில் பெயிண்ட் விழும். அரை அங்குலம் தள்ளி ஒட்டினால் அந்த அரை அங்குலத்தில் விழும். நல்ல உறுப்பின் கோடு அந்தப் பேப்பர் மாதிரி. ஒரே வித்தியாசம், பேப்பர் பெயிண்ட்டைத் தானே தடுக்கும். கோடு எதையும் தடுக்காது. எங்கே தவிர்க்க வேண்டும் என்று திட்டத்துக்குச் சொல்லும், அவ்வளவுதான்.

இப்படிக் கோடு போட்டுக் காக்க வேண்டிய நல்ல உறுப்புகளைத் துறையில் ஓஏஆர் என்று சுருக்கிச் சொல்வார்கள். கோடு போடும் வேலைக்குக் கான்டூரிங் என்று பெயர்.

இதுவரை பார்த்தது: கதிர் நல்ல உறுப்புகளையும் தொட்டுத்தான் போகும். ஒவ்வொன்றுக்கும் தாங்கும் எல்லை உண்டு. அந்த எல்லையைத் திட்டத்துக்குள் கொண்டுவர ஒரே வழி, உறுப்பைச் சுற்றிச் சரியாகக் கோடு போடுவது.

கையால் வரைவது என்றால் என்ன?

சிகிச்சைக்கு முன் எடுக்கும் சிடி ஸ்கேனுக்குப் பிளானிங் சிடி என்று பெயர். தலை, கழுத்துப் பகுதி என்றால் முகத்துக்கு வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் மாஸ்க் ஒன்றை அச்செடுத்து, அதைப் போட்டபடியே படுக்க வைத்து எடுப்பார்கள். ஏழு வாரமும் அதே மாஸ்க், அதே படுக்கை நிலை.

சிடி படம் ஒரே படம் கிடையாது. வாழைத்தண்டை வட்ட வட்டமாக நறுக்கியதுபோல, உடம்பின் குறுக்குவெட்டுத் துண்டுகள் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளியில் நூறுக்கும் மேல் இருக்கும். ஒவ்வொரு துண்டும் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. அந்தப் புள்ளிக்குத் தடிமனும் உண்டு என்பதால் அதைச் சிறு பெட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டிக்குப் பெயர் வாக்செல். ஒவ்வொரு வாக்செலிலும் ஒரு எண் இருக்கும், அந்த இடம் எக்ஸ்ரேயை எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் எண். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000, எலும்புக்குச் சில நூறுகளிலிருந்து ஆயிரத்துக்கு மேல் வரை. சிடி ஸ்கேனரை உருவாக்கிய பிரிட்டிஷ் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில்தான் அந்த அளவுகோல் இருக்கிறது.

மருத்துவர் மவுஸைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொரு உறுப்பையும் சுற்றி வரைய வேண்டும். தலை, கழுத்துப் பகுதியில் மட்டும் மூளைத்தண்டு, தண்டுவடம், இரண்டு கண், இரண்டு பார்வை நரம்பு, உமிழ்நீர்ச் சுரப்பிகள், தாடை, குரல்வளை, உணவுக்குழாய் என்று இருபதுக்கும் மேலே போகும். பல மணி நேர வேலை இது.

நேரத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. எலும்பும் நுரையீரலும் தெளிவாகத் தெரியும். ஆனால் தசையும் சுரப்பியும் உணவுக்குழாயும் சிடியில் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறம். வாயில் உலோகம் வைத்து அடைத்த பல் இருந்தால் படம் முழுக்க வெள்ளைக் கீற்றுகள் ஓடும். சுரப்பி எங்கே முடிகிறது என்பதை அனுபவத்தில்தான் சொல்ல வேண்டும். இரண்டு அனுபவசாலிகள் ஒரே ஸ்கேனில் வரைந்தால் இரண்டு கோடுகள் வரும். ஒரே மருத்துவரே திங்கட்கிழமை காலையும் வெள்ளிக்கிழமை சாயங்காலமும் வரைந்தால்கூட வித்தியாசம் வரும்.

முதல் முயற்சி: அளவு ஜாக்கெட்

கணினியை இதற்குப் பயன்படுத்தும் எண்ணம் புதியதில்லை. எண்ணை வைத்து மட்டும் பிரிப்பது முதல் வழி. மைனஸ் 500க்குக் கீழே இருப்பதெல்லாம் நுரையீரல் என்பதுபோல. நுரையீரலுக்கு இது ஓரளவு நடக்கும், சுரப்பிக்கு நடக்காது.

அடுத்து வந்தது அட்லஸ் முறை. தையல்காரரிடம் அளவு ஜாக்கெட் கொடுக்கிறோம் இல்லையா? உங்களுடையது இல்லையென்றால், உங்கள் உடல்வாகு உள்ள தங்கையின் ஜாக்கெட்டைக் கொடுத்து, "தோளில் கொஞ்சம் பிடிங்க, இடுப்பில் கொஞ்சம் விடுங்க" என்போம். அட்லஸ் முறையும் அதே. ஏற்கெனவே கோடு போட்டு வைத்த வேறொரு நோயாளியின் ஸ்கேனை எடுத்து, இழுத்து, வளைத்து, புதிய நோயாளியின் ஸ்கேனோடு பொருத்துவார்கள். ஸ்கேன் எப்படி வளைகிறதோ அப்படியே அதன் கோடுகளும் வளைந்து புதிய இடத்தில் உட்காரும்.

உடல்வாகு ஒத்துப்போனால் நன்றாக உட்காரும். ரொம்ப மெலிந்தவர், கழுத்தில் பெரிய கட்டி உள்ளவர் என்றால் கோடு எங்கேயோ போய்விடும். சில சமயம் திருத்துவதைவிடப் புதிதாக வரைவதே சுலபமாக இருக்கும்.

இப்போதைய முறை: பார்த்துப் பார்த்துப் பழகுவது

2015இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் ரோனபெர்கர், ஃபிஷர், ப்ராக்ஸ் ஆகிய மூவர் யூ-நெட் என்ற அமைப்பை வெளியிட்டார்கள். நுண்ணோக்கிப் படங்களில் செல்களைப் பிரிப்பதற்காக அவர்கள் செய்தது. இன்று உறுப்புகளுக்குக் கோடு போடும் மென்பொருள்களில் பலவும் அதன் வழி வந்தவை.

அது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்ள ஒரு கோபுரத்தை நினையுங்கள். தெருக்கோடியிலிருந்து பார்த்தால் கோபுரம் எங்கே இருக்கிறது, எந்தக் கட்டடத்துக்கு எந்தப் பக்கம் என்று தெரியும். ஆனால் ஒரு சிற்பம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கிட்டே போனால் சிற்பத்தின் ஓரம் துல்லியமாகத் தெரியும், ஆனால் கோபுரத்தின் எந்த நிலையைப் பார்க்கிறோம் என்பது மறந்துவிடும். யூ-நெட் இரண்டையும் செய்கிறது. படத்தைப் படிப்படியாகச் சுருக்கிக்கொண்டே போய், "இது கழுத்து, இது தாடையின் பின்பக்கம்" என்ற பெரிய இடஞ்சுட்டலைப் பிடிக்கிறது. பிறகு படிப்படியாகப் பெரிதாக்கிக்கொண்டே வரும்போது, சுருக்குவதற்கு முன் எடுத்து வைத்த நுணுக்கங்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறது. இறங்கி ஏறும் இந்தப் பாதையை வரைந்தால் ஆங்கில யூ எழுத்துப் போல இருக்கும். பெயர் வந்தது அதனால்தான்.

கடைசியில் அது தருவது கோடுகூட இல்லை. ஒவ்வொரு வாக்செலுக்கும் ஒரு வாய்ப்பு எண். "இந்தப் பெட்டி இடது பரோட்டிட்டாக இருக்க 0.93 வாய்ப்பு" என்பது மாதிரி. அந்த எண் போதுமான அளவு இருக்கும் பெட்டிகளை ஒன்றுசேர்த்து, வெளி ஓரத்தைக் கோடாக்குகிறார்கள்.

இந்த எண்களை அது எப்படிக் கற்கிறது? மருத்துவர்கள் ஏற்கெனவே வரைந்து வைத்த நூற்றுக்கணக்கான ஸ்கேன்களைக் கொடுப்பார்கள். ஆரம்பத்தில் அது கண்டபடி ஊகிக்கும். அதன் ஊகத்தையும் மருத்துவரின் கோட்டையும் ஒப்பிட்டு, வித்தியாசம் குறையும் திசையில் உள்ளிருக்கும் லட்சக்கணக்கான எண்களைத் துளித்துளியாக மாற்றுவார்கள். திரும்ப ஊகம், திரும்பத் திருத்தம். இதற்குத்தான் பயிற்சி என்று பெயர்.

ஒன்றைக் கவனியுங்கள். அது உடற்கூறியல் படிக்கவில்லை. மருத்துவர்கள் போட்ட கோடுகளைப் பார்த்துப் பழகியது. பயிற்சிக்கு வந்த கோடுகளெல்லாம் சுரப்பியின் ஒரு மூலையைக் கொஞ்சம் விட்டுவிட்டு வரையப்பட்டிருந்தால், இதுவும் அந்த மூலையை விட்டுவிட்டுத்தான் வரையும். ஒவ்வொரு முறையும், களைப்பே இல்லாமல். பயிற்சிக் கோடுகளை ஒரே நெறிமுறைப்படி போட வேண்டும் என்று துறையினர் வற்புறுத்துவது இதனால்தான்.

சுருக்கமாக: அட்லஸ் ஒருவரின் கோட்டை இன்னொருவருக்குப் பொருத்திப் பார்த்தது. புதிய முறை நூற்றுக்கணக்கானவர்களின் கோடுகளிலிருந்து பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு, புதிய ஸ்கேனில் பெட்டி பெட்டியாக ஊகிக்கிறது.

கட்டியை ஏன் இதனிடம் விடுவதில்லை?

நல்ல உறுப்புக்கும் கட்டிக்கும் அடிப்படையில் ஒரு வித்தியாசம் உண்டு. எல்லோருக்கும் பெரும்பாலும் இரண்டு பரோட்டிட், ஒரு தண்டுவடம், கிட்டத்தட்ட அதே இடத்தில், கிட்டத்தட்ட அதே வடிவத்தில். பழகினால் பிடித்துவிடலாம். கட்டிக்கு நிலையான வடிவமும் கிடையாது, இடமும் கிடையாது. அதுவும் போக, கதிர் கொடுக்க வேண்டிய பகுதி கண்ணுக்குத் தெரியும் கட்டியோடு முடிவதில்லை. சுற்றிலும் ஸ்கேனில் தெரியாமல் பரவியிருக்கக்கூடிய செல்களையும் சேர்த்து வரைய வேண்டும். அதற்கு பயாப்ஸி முடிவு, எண்டோஸ்கோபியில் பார்த்தது, கையால் தொட்டுப் பார்த்தது எல்லாம் தேவை. கட்டியையும் வரைய முயலும் ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால் எதைத் தாக்குவது என்ற முடிவு இன்றும் மருத்துவருடையது.

கேம்பிரிட்ஜில் நடப்பது

உண்மையான ஓர் இடத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள ஆடன்புரூக்ஸ் மருத்துவமனை, மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தோடு பல ஆண்டுகள் இதில் உழைத்தது. ஸ்கேனில் உறுப்புகளைப் பிரிக்க உதவும் தன் இன்னர்ஐ மென்பொருள் கருவிகளை மைக்ரோசாஃப்ட் 2020இல் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டது. அவற்றைக் கொண்டு மருத்துவமனையே உருவாக்கிய மென்பொருள் ஒசைரிஸ். 2023இல் அறிவித்தார்கள். புராஸ்டேட், தலை, கழுத்துப் புற்றுநோய்களில் பயன்படுகிறது. மருத்துவர் தனியாகச் செய்வதைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு வேகமாக வேலை முடிகிறது என்று சொன்னார்கள். அந்த வேகம் மருத்துவர் சரிபார்ப்பதோடு சேர்ந்தது. கணினி வரையும், மருத்துவர் ஒவ்வொரு துண்டாகப் பார்த்துத் திருத்துவார், பிறகுதான் அது திட்டத்துக்குப் போகும்.

பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையில் எதைப் பயன்படுத்தலாம் என்று ஆராய்ந்து சொல்லும் நைஸ் அமைப்பு, அதே 2023இல், இத்தகைய மென்பொருள்கள் ஒன்பதை, இன்னும் சான்றுகள் சேர்த்துக்கொண்டே பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. அங்கும் தகுதியுள்ள ஒருவர் கோடுகளைச் சரிபார்க்க வேண்டும் என்பது நிபந்தனை.

"95 சதவீதம் சரி" என்றால் என்ன?

இந்த மென்பொருள்களைப் பற்றிப் பேசும்போது ஒரு எண் அடிக்கடி வரும். டைஸ் மதிப்பெண். 1945இல் லீ டைஸ் என்ற சூழலியலாளர், இரண்டு உயிரினங்கள் எவ்வளவு சேர்ந்தே காணப்படுகின்றன என்று அளக்கக் கொண்டுவந்தது. இங்கே அது இரண்டு கோடுகள் எவ்வளவு பொருந்துகின்றன என்று அளக்கிறது. இரண்டு தோசையை ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். முழுக்க மூடினால் 1. தொடவே இல்லை என்றால் 0. ஒரே அளவுள்ள இரண்டில் 85 சதவீதம் மூடினால் 0.85.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இந்த எண் ஏமாற்றும். 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பந்தை 1 மில்லிமீட்டர் தள்ளி வரைந்தால் மதிப்பெண் சுமார் 0.97 வரும். 8 மில்லிமீட்டர் பந்தை அதே 1 மில்லிமீட்டர் தள்ளினால் சுமார் 0.81. தவறு ஒன்றுதான், மதிப்பெண் வேறு. நுரையீரலுக்கு 0.97 வாங்குவது பெரிய சாதனை இல்லை. கண் வில்லைக்கு 0.8 வாங்கியது மோசமும் இல்லை.

இன்னொன்றையும் அது சொல்லாது. தவறு எங்கே நடந்தது? பரோட்டிட்டின் வெளிப்பக்கம், கட்டியிலிருந்து தூரத்தில் 3 மில்லிமீட்டர் பிசகினால் டோஸ் பெரிதாக மாறாது. உள்பக்கம், கட்டியை ஒட்டி, ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் டோஸ் சரிந்துகொண்டிருக்கும் இடத்தில் அதே 3 மில்லிமீட்டர் பிசகினால் கதை வேறு. மதிப்பெண் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆகவே "95 சதவீதம் சரி" என்று யாராவது சொன்னால், எந்த உறுப்பில், எந்தப் பக்கத்தில் என்று கேட்க வேண்டும்.

எங்கே தடுமாறும்?

பழகாததைப் பார்க்கும்போது. அறுவை சிகிச்சையில் ஒரு பரோட்டிட்டை எடுத்துவிட்ட நோயாளிக்கு, அந்த இடத்தில் இல்லாத சுரப்பியை அது வரைந்து வைக்கலாம். மாற்றுச் சிறுநீரகம் இடுப்புக்குழியில் வைக்கப்பட்டிருந்தால் அது மென்பொருளின் கண்ணில் படாமலே போகலாம். இடுப்பு மூட்டில் உலோகம், குப்புறப் படுத்து எடுத்த ஸ்கேன், பெரியவர்களின் ஸ்கேனில் மட்டும் பழகிய மென்பொருளுக்கு வரும் குழந்தையின் ஸ்கேன் என்று பட்டியல் நீளும்.

இவை பெரிய தவறுகள், பார்த்தவுடன் தெரிந்துவிடும். எனக்கு அதிகம் பயம் தருவது சின்னத் தவறுதான். நூறு கோடுகள் அழகாக, வழவழவென்று வந்திருக்கும்போது நூற்று ஒன்றாவதையும் கண் தானாகவே நம்பிவிடும். தானே வரைந்த மருத்துவர் ஒவ்வொரு ஓரத்தையும் யோசித்திருப்பார். சரிபார்ப்பவருக்கு யோசிக்காமலே தாண்டிப்போக வசதி இருக்கிறது. ஆகவே நல்ல துறைகளில் சரிபார்ப்பதற்கென்றே பழக்கங்கள் வைத்திருக்கிறார்கள். குறுக்குவெட்டில் மட்டும் பார்க்காமல் முன்னிருந்தும் பக்கவாட்டிலும் பார்ப்பது, இடது வலது சுரப்பிகளின் கன அளவை ஒப்பிடுவது, கட்டியை ஒட்டிய ஓரங்களை முதலில் பார்ப்பது.

ஏழு வாரத்தில் மாறும் உடம்பு

வேகமாக வரைய முடிவதால் மருத்துவரின் நேரம் மிச்சமாவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பலன் இன்னொன்று. தொண்டைப் புற்றுநோயாளி ஏழு வாரத்தில் மெலிந்துவிடுவார், சாப்பிட முடியாததால். கட்டியும் சுருங்கும். பரோட்டிட் சுருங்கி, மெல்ல உள்பக்கமாக, அதாவது கதிர் அதிகம் விழும் பக்கமாக நகரும். முதல் நாள் போட்ட கோடு அப்போது பழைய முகவரி ஆகிவிடுகிறது. புதிதாக ஸ்கேன் எடுத்துக் கோடுகளைத் திரும்பப் போடலாம். ஆனால் பல மணி நேர வேலையை நடுவில் இன்னொரு முறை செய்ய எந்தத் துறைக்கு ஆள் இருக்கிறது? கணினி நிமிடங்களில் முதல் வரைவைத் தருவதால் இப்போது அது கைக்கு எட்டுகிறது. சில இடங்களில் தினமும் செய்கிறார்கள். நோயாளி மேசையில் படுத்திருக்கும்போதே அன்றைய ஸ்கேன், அன்றைய கோடுகள், அன்றைய திட்டம். சிறுநீர்ப்பை நிமிடத்துக்கு நிமிடம் நிரம்பிக்கொண்டிருப்பதால், இடுப்புப் பகுதி சிகிச்சையில் இந்த வேகம் இல்லாமல் அது நடக்காது.

உங்கள் வீட்டில் யாராவது தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர் வாங்கிக்கொண்டிருந்தால், மூன்றாவது, நான்காவது வாரத்தில் "மாஸ்க் லூசா இருக்கு" என்று அவர் சொல்லக்கூடும். அதைச் சாதாரணமாக விட்டுவிடாமல் அன்றைக்கே மேசையில் படுக்க வைக்கும் டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். புதிய ஸ்கேன் எடுத்துக் கோடுகளைத் திரும்பப் போட வேண்டுமா என்று அவர்கள் அப்போது பார்ப்பார்கள்.